பேரனுக்காகத் தீபாவளியை இடம் மாற்றலாமா?

வாசகரின் கடிதம்:

"எனக்கு வயது 63. மதுரையில் சொந்த வீட்டில் கணவருடன் இருக்கிறேன். மகன், மருமகள், 6 வயதுப் பேரன் மூவரும் பெங்களூரில் இருக்கிறார்கள். பேரனுக்கு ஆட்டிசம் இருப்பது 3 வயதில் தெரிந்தது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, விடியற்காலை தெருவில் சரவெடி தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். மதியம்வரை வெளியே வரவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்த ஆண்டு மருமகள், 'அத்தை, தீபாவளிக்கு நாங்க மதுரைக்கு வரல. கொடைக்கானலுக்கு வெளியே ஒரு வீடு எடுக்கிறோம், நீங்களும் மாமாவும் அங்க வந்துடுங்க' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள். என் கணவர் குடும்பத்தில் மூத்தவர். அவருடைய தம்பிகள் இருவரும் குடும்பத்தோடு தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். மாமியார் காலமான பிறகு எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பது நான்தான். 'தீபாவளியும் அதுவுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய் உட்காருவதா?' என்று அவர் கோபப்படுகிறார். குழந்தையைப் பழக்கினால் சரியாகாதா? பண்டிகையை இப்படி மாற்றுவது முறையா? நம் தீபாவளி இன்னதென்றே தெரியாமல் அவன் வளர்ந்துவிடுவானோ என்று மனம் அடித்துக்கொள்கிறது."

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள அம்மா,

பழக்கினால் சரியாகாதா என்ற உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் மற்றவற்றைப் பற்றி உங்கள் கணவரிடம் நிதானமாகப் பேச முடியும்.

போன ஆண்டு உங்கள் பேரனிடம் நீங்கள் பார்த்தது பிடிவாதமும் அல்ல, மற்ற குழந்தைகளுக்கு வருகிற சாதாரணப் பயமும் அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவை நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கூர்மையாகவோ, சில சமயம் மங்கலாகவோ தெரிகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கான அடையாளங்களில் ஒன்றாகவே இந்தப் புலன் உணர்வு வேறுபாடு சேர்க்கப்பட்டுவிட்டது. நாம் சாதாரணமாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். ஒரு பட்டாசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999 முதல் நம் நாட்டில் உள்ள விதி. டெசிபல் கணக்கில் 10 கூடினாலே ஓசை ஏறத்தாழ இரு மடங்காகக் காதுக்குத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், விதிக்கு உட்பட்ட வெடியே எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால், என் அனுபவத்தில் இந்தக் குழந்தைகளை அதிகம் வாட்டுவது ஓசையின் அளவைக் காட்டிலும், அடுத்த வெடி எப்போது என்று தெரியாத நிலைதான். மிக்ஸி ஓடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளும் குழந்தைகூட, எந்தத் திசையிலிருந்து எந்த நொடியில் வரும் என்று தெரியாத வெடிக்கு உடல் முழுவதும் விறைத்துக் காத்திருக்கிறது. நான்கு மணி முதல் நண்பகல்வரை அப்படிக் காத்திருந்த குழந்தை தன் கையைக் கடித்துக்கொண்டதில் வியப்பில்லை. தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு அவனுக்கு அப்போது கிடைத்த வழி அது ஒன்றுதான்.

பழக்குதல் என்பது உண்டு. குழந்தை விரும்பும் இடத்தில், பதிவுசெய்த வெடிச்சத்தத்தைக் கேட்டும் கேளாத அளவில் ஒலிக்கவிட்டு, நிறுத்தும் பொத்தானைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்வது அது. அவனைப் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின், அதாவது அன்றாடச் செயல்களுக்கும் புலன் உணர்வுகளுக்கும் பயிற்சி தருபவரின், வழிகாட்டலில்தான் அதைச் செய்ய வேண்டும். தீபாவளிக் காலையில் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவது பழக்குதல் ஆகாது. அப்படிச் செய்தால் வெடியோடு சேர்த்து மதுரை வீட்டையும், அங்கே சுற்றி நின்ற முகங்களையும் அவன் வெறுக்கத் தொடங்கலாம். அந்த இழப்பு, ஒரு தீபாவளிக்கு அவன் வராமல் போவதைவிடப் பெரியது. ஆகவே, இந்த ஆண்டு அவனை மதுரைத் தெருவின் தீபாவளிக்குக் கூட்டி வர வேண்டாம் என்பதில் உங்கள் மருமகளின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. அவருடைய கோபத்தை வெறும் வீம்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயும் தந்தையும் போனபின் தம்பிமார் வந்து நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பது தன் பொறுப்பு என்று பல ஆண்டுகளாக நினைத்து வாழ்கிறவர் அவர். 'வீட்டைப் பூட்டிக்கொண்டு' என்று அவர் சொன்னதில்தான் அவருடைய வேதனை முழுவதும் இருக்கிறது. அவரிடம் போய்க் கொடைக்கானலின் குளுமையையும், வாடகை வீட்டின் வசதியையும் எடுத்துச் சொன்னால் எடுபடாது. தம்பிகளுக்கு என்ன ஏற்பாடு என்று சொன்னால் காது கொடுப்பார்.

பண்டிகையை மாற்றுவது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்கு ஒரே வடிவம் என்றைக்குமே இருந்ததில்லை. நமக்கு அது விடியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். வட மாநிலங்களில் அமாவாசை இரவில் லட்சுமி பூசை செய்யும் நாள். சமணர்களுக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். வாண வேடிக்கை அரசர்கள் காலத்திலேயே இருந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாகப் பட்டாசு வாங்குவது, சிவகாசியில் அந்தத் தொழில் வேர்விட்டு வளர்ந்த கடந்த நூற்றாண்டில் பரவிய வழக்கம். அந்தத் தொழிலை நம்பி ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. பட்டாசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய்க் குளியலும், விளக்கும், பெரியவர்கள் கையால் வாங்கி உடுத்தும் புதுத் துணியும்தான் பண்டிகையின் உயிர். வெடி அதனோடு பின்னால் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் உங்கள் கணவருக்கு நினைவூட்டலாம்.

அவரிடம் சொல்வதற்கு உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு சான்றும் இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்ட வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதைப் பாராட்டி வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்குவது ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும். அந்த ஊர்களில் யாரும் தீபாவளியை விட்டுவிடவில்லை. எண்ணெய் வைக்கிறார்கள், பலகாரம் சுடுகிறார்கள், புதுத்துணி உடுத்துகிறார்கள். வந்திருக்கும் உயிர்களுக்கு எது ஆகாதோ அதை மட்டும் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஒரு கண்மாய்ப் பறவைக்காக ஊரே கூடிச் செய்யக்கூடியதை, பெற்ற பேரனுக்காக ஒரு குடும்பம் செய்வதில் முறைகேடு எதுவும் இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். எல்லாரும் கொடைக்கானல் அல்லது எல்லாரும் மதுரை என்று முடிவு செய்யத் தேவையில்லை. முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பது, உங்கள் கணவர் தீபாவளிக் காலையில் மதுரையிலேயே இருப்பது. விளக்கேற்றி, தம்பிகளை வரவேற்று, துணிமணி கொடுத்து, ஆசீர்வதித்து அனுப்பிய பிறகு, ஒன்பது மணிவாக்கில் வண்டி எடுத்தால் மதிய உணவுக்குக் கொடைக்கானல் வந்துவிடலாம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். நீங்கள் முதல் நாளே கொடைக்கானலுக்குப் பேரனிடம் போய்விடுங்கள். தம்பிகள் குடும்பத்துக்கு எண்ணெய் வைக்கும் கை நீங்கள்தான் என்பதால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர்களை விருந்துக்கு அழைத்து, எண்ணெய்க் கிண்ணத்தையும் சீயக்காயையும் உங்கள் ஓரகத்திகளில் மூத்தவர் கையில் கொடுத்து, 'இந்த வருஷம் காலையில் நீ வைத்துவிடு' என்று நீங்களே ஒப்படையுங்கள். அப்படிச் செய்தால், நீங்கள் இல்லாமல் போனது குறையாக நிற்காது. உங்கள் சொல்படிதான் எல்லாம் நடந்தது என்று இருக்கும். உங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் அது அமாவாசையன்று வருவது என்பதால், நோன்புக் கயிறையும் அதிரச மாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கலசம் வைக்கச் சுத்தமான ஒரு மூலை எந்த வீட்டிலும் கிடைக்கும்.

கணவனும் மனைவியும் தீபாவளி விடியலில் வேறுவேறு ஊரில் இருப்பதா என்று உங்கள் கணவர் தயங்கினால், அது நியாயமான தயக்கம். அப்போது தம்பிகள் இருவரையும் முந்தைய ஞாயிறு அன்றே வரச்சொல்லி, மூத்தவர் செய்யவேண்டியவற்றை அன்றைக்கே முடித்துவிட்டு, இருவரும் சேர்ந்தே போங்கள். எந்த வழி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். போக வேண்டும் என்பதில் அவருக்கு வேறு வழி இல்லை என்றால், எப்படிப் போவது என்பதிலாவது முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

கொடைக்கானலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சத்தம் இல்லாத இடம் என்பதால் மட்டும் அது குழந்தைக்கு எளிதாகிவிடாது. புதிய கட்டில், புதிய கழிவறை, புதிய மணம் எல்லாமே அவனுக்குப் பாரம்தான். ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. மலைச்சாலையில் மழையும் மூடுபனியும் இருக்கும், விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். ஆகவே, ஒரு நாள் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் அறைகளின் படங்களை வாங்கி, ஓரிரு வாரம் முன்பிருந்தே பேரனுக்குக் காட்டிவர வேண்டும். 'இது நாம் தூங்கப்போகும் அறை, இங்கே பாட்டி இருப்பார், இங்கே விளக்கு வைப்போம்' என்று படமும் ஒரு வரியுமாகச் சின்னப் புத்தகம்போலச் செய்துகொடுத்தால் இந்தக் குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை உருவாக்கிய சமூகக் கதை முறை இது. அவனுடைய தெரபிஸ்டுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பெங்களூரில் அவன் படுக்கும் விரிப்பையும் தலையணையையும் துவைக்காமல் அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் தீபாவளிக்கு வெடிச்சத்தம் எவ்வளவு இருக்கும் என்பதையும் உரிமையாளரிடம் வாய்விட்டே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டும் அனுமதி என்றாலும், தெருக்கள் அதை எவ்வளவு மதிக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். எதற்கும் காதுகளை மூடும் காதுக்கவசம் ஒன்றை இப்போதே வாங்கி, வீட்டில் தினமும் சிறிது நேரம் போட்டுப் பழக்கிவிடுவது நல்லது.

நம் தீபாவளி இன்னதென்று தெரியாமல் வளர்ந்துவிடுவானோ என்ற உங்கள் கவலைக்கு, எண்ணெய் வைப்பதில்தான் பதில் இருக்கிறது; அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புலன் உணர்வு கூர்மையான குழந்தைக்கு லேசாக வருடும் விரல் கூச்சத்தையும் எரிச்சலையும் தரும். உள்ளங்கையை முழுவதுமாகப் பதித்து அழுத்தும் தொடுகை பெரும்பாலும் அமைதியைத் தரும். உச்சியில் மூன்று சொட்டு வைத்து விரலால் தடவும் நம் வழக்கத்தை அவனுக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முதலில் உங்கள் உள்ளங்கையில் ஊற்றி, அவன் பார்க்கத் தேய்த்து, 'பாட்டி இப்போது தலையில் கை வைக்கப்போகிறேன்' என்று சொல்லி, ஐந்து எண்ணும்வரை கையை அப்படியே அழுத்தி வைத்திருங்கள். எண்ணி முடித்ததும் எடுத்துவிடுங்கள். அவன் விலகினால் வற்புறுத்தாமல், அவன் கையில் ஒரு சொட்டு வைத்து உங்கள் தலையில் அவனை வைக்கச் சொல்லுங்கள். பாட்டி தலையில் பேரன் எண்ணெய் வைத்தால் சாத்திரம் கோபித்துக்கொள்ளாது. இதைத் தீபாவளியன்று முதல்முறையாகச் செய்யாமல், இந்த வாரம் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெங்களூரில் உங்கள் மகன் செய்துவரட்டும். ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் நாள் சனிக்கிழமைதானே. நீங்கள் காய்ச்சும் எண்ணெயை ஒரு பாட்டிலில் அனுப்பிவையுங்கள். அந்த மணம் அவனுக்கு முன்பே பழகியிருக்கும். சீயக்காய் கண்ணில் பட்டால் எல்லாம் கெட்டுவிடும். அவன் வழக்கமாகப் பயன்படுத்தும் ஷாம்புவே போதும். நான்கு மணிக்கு எழுப்பவும் வேண்டாம். அவன் தானாக விழிக்கும் நேரமே அவனுடைய கங்கா ஸ்நானத்துக்கு நல்ல நேரம்.

துணியும் அப்படித்தான். பட்டு வேட்டியும் கஞ்சி மொடமொடப்பும் வேண்டாம். அவன் விரும்பிப் போடும் வகையிலேயே பருத்திச் சட்டை ஒன்று வாங்கி, கழுத்துப் பட்டையில் உள்ள லேபிளைத் தையல் பிரித்து எடுத்துவிட்டு, மூன்று நான்கு முறை துவைத்த பிறகு மஞ்சள் தடவிக் கொடுங்கள். அதையும் மறுத்தால் பழைய சட்டையின் ஓரத்திலேயே மஞ்சள் வைத்துவிடுங்கள். பலகாரத்தில் எது பிடிக்கிறதோ அது போதும். லேகியத்தை வாயில் திணிக்க வேண்டாம். மாலையில் அகல் விளக்குகளை வரிசையாக அடுக்க விடுங்கள். பொருள்களை வரிசையில் வைப்பதில் இன்பம் காணும் குழந்தையாக இருந்தால், அன்றைய தீபாவளியில் அவனே முதல் ஆள். கம்பி மத்தாப்பை முன்னதாக ஒரு நாள் பெரியவர் ஒருவர் தள்ளி நின்று கொளுத்திக் காட்டி, அவன் முகம் மலர்கிறதா சுருங்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். அதன் முனை 1000 டிகிரி செல்சியசுக்கும் மேலாகக் கொதிப்பது. அவன் கையில் கொடுக்க அவசரம் காட்ட வேண்டாம்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இத்தகைய வீடுகளில் அது பெரும்பாலும் குழந்தையின் தாயைக் குத்தும் சொல்லாகவே இருக்கிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்தது, வேலைக்குப் போனது, ஊரில் இல்லாதது என்று எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். இந்த ஆண்டு ஏன் மதுரைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு உங்கள் மருமகள் பதில் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். 'குழந்தைக்கு வெடிச்சத்தம் ஆகாது, அதனால் நாங்கள்தான் அங்கே போகிறோம்' என்று உங்கள் கணவர் தம்பிகளிடம் தாமே சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூத்தவர் என்ற இடத்துக்கு இந்த ஆண்டு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான். இதை அவரிடம் சொல்லியே கேளுங்கள்.

உங்கள் மருமகள் எழுதிய செய்தி முடிவை அறிவிப்பதுபோல இருந்தது உங்களை வருத்தியிருக்கும். கலந்து பேசியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தச் செய்தியில் 'நீங்களும் மாமாவும் வந்துடுங்க' என்பதும் இருக்கிறது. போன ஆண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், அதன் பிறகும் மாமனார் மாமியார் இல்லாத தீபாவளியை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, செய்திக்குச் செய்தியாகப் பதில் எழுதாமல், குழந்தை தூங்கிய பிறகு ஒரு நாள் இரவு அவளைத் தொலைபேசியில் அழையுங்கள். 'போன வருஷம் உனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது, நான் கூட நின்றிருக்க வேண்டும்' என்று தொடங்குங்கள். மாமாவின் தயக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் அதை அவள் மேல் வைத்த குற்றமாகச் சொல்ல வேண்டாம். பிறகு, எது ஒன்று இல்லாவிட்டால் அந்த நாள் அவளுக்குத் தீபாவளியாகத் தோன்றாது என்று கேளுங்கள்; உங்களுக்கு எது என்பதையும் சொல்லுங்கள். இதையே உங்கள் கணவரிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேட்டு, நால்வரின் பதிலையும் வைத்துக் கொடைக்கானலுக்கு என்னென்ன எடுத்துச் செல்வது என்று முடிவு செய்யுங்கள். குழந்தை அன்றும் திணறினால் யார் அவனுடன் அறைக்குள் போவது, யார் வெளியே விளக்கைப் பார்ப்பது என்பதையும் அந்தப் பேச்சிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவனுடன் அறைக்குள் போவது நீங்களாக இருக்கட்டும். உங்கள் மருமகள் சூடாக ஒரு வாய் சாப்பிடட்டும்.